குண்டாந்தடியும் சித்திரக்குள்ளரும்
போலந்தில் ஓர் அங்கத இயக்கம் (1981–1989)

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்துரைக்குமிடத்து நகையினையே முதலில் வைத்தார். அந்நகை தோன்றுதற்குரிய நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறியவர், அவற்றுள்ளும் எள்ளலுக்கே முதலிடம் வழங்கினார். செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என அவர் இருவகைப்படுத்துவதும் தமிழ் மாணவர் அறிந்ததே. வெளிப்படையாக வசை கூறுவது முன்னையது. வசையினை மொழிக்குள் மறைத்துக் கூறுவது பின்னையது. இப்பாகுபாடு செய்யுளை நோக்கிச் செய்யப்பட்டதாயினும், வெளிப்படையாகப் பழித்தவன் தண்டிக்கப்படுவான் என்ற நிலை நிலவும் சமுதாயம் எதற்கும் இது பொருந்துவதாகும். வாய் திறந்து பேச இயலாதவிடத்தே மக்கள் கரந்து பேசுகின்றனர். சில வேளைகளிற் சிரித்துப் பேசுகின்றனர்.

அத்தகைய சிரிப்பு, ஏடுகளை விட்டு வீதிக்கு வந்து, ஆயுதந் தாங்கிய பொலிசாரின் முன்னே நின்றபோது விளைந்தது யாது? இவ்வினாவுக்கு விடைகாண முற்படுவோர்க்குப் போலந்து நாட்டின் வ்ரொட்ஸ்வாவ் நகரில் 1980களில் இயங்கிய ‘செம்மஞ்சள் மாற்று’ என்னும் இயக்கத்தின் வரலாறு பெரிதும் பயன்படும்.

முதற்கண் அவ்வியக்கம் தோன்றிய சூழ்நிலையை நோக்குதல் வேண்டும். 1980 ஓகஸ்டில் க்டான்ஸ்க் கப்பல் கட்டுந்தளத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் விளைவாக ‘ஒருமைப்பாடு’ என்னும் சுதந்திரத் தொழிற்சங்கம் உருவாயிற்று. தொழிலாளர் வர்க்கத்தின் பெயரால் ஆட்சி நடத்திய கட்சிக்கு எதிராகத் தொழிலாளரே அணிதிரண்டனர் என்பது அதன் தனிச்சிறப்பாகும். ஓராண்டுக்குள் அச்சங்கம் ஏறத்தாழ ஒரு கோடி உறுப்பினரைக் கொண்டதாக வளர்ந்தது. 1981 டிசெம்பர் 13ஆம் நாள் ஜெனரல் யருசெல்ஸ்கி நாடு முழுவதிலும் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். வீதிகளில் தாங்கிகள் நிறுத்தப்பட்டன. தொலைபேசித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. ஊரடங்கு அமுலுக்கு வந்தது. அச்சட்டம் நடைமுறையிலிருந்த காலத்தில் ஏறத்தாழ 10,000 பேர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர்.

அந்நாட்டுப் பொலிஸ் படை ‘குடிமக்கள் மிலிசியா’ என்ற பெயரைத் தாங்கியிருந்தது. அதன் கலகத் தடுப்புப் பிரிவாகிய ‘சோமோ’ குண்டாந்தடிக்கும் கண்ணீர்ப்புகைக்கும் பெயர்பெற்றதாகும். டிசெம்பர் 16ஆம் நாள் வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிப் பிரயோகத்தில் ஒன்பது சுரங்கத் தொழிலாளர் உயிரிழந்தனர். இதன் பின்னர் எழுந்த எதிர்ப்பு, துயரமும் சினமும் கலந்ததாய், சமயச் சார்புடையதாய் அமைந்தது. பலிபூசைகள், ஏற்றிய மெழுகுதிரிகள், மலர்களாற் பரப்பிய சிலுவைகள் என்பனவே அதன் அடையாளங்களாயின. மெய்ப்பாட்டு நோக்கிற் கூறின், அழுகையும் வெகுளியும் மக்கட் பக்கம் நின்றன. அச்சத்தை விளைவிப்பது ஆட்சியின் பணியாயிற்று.

வ்ரொட்ஸ்வாவ் ஏனைய போலந்து நகரங்களினின்றும் சற்று வேறுபட்டது. 1945 வரையில் அது பிரெஸ்லவ் என்னும் ஜேர்மன் நகரமாக இருந்தது. போரின் பின்னர் எல்லைகள் மாற்றி வரையப்பட, ஜேர்மானியர் வெளியேற்றப்பட்டனர். நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும், சோவியத் யூனியனுடன் இணைக்கப்பட்ட கிழக்குப் பகுதிகளிலிருந்தும் வந்த போலந்து மக்கள் அங்குக் குடியேறினர். பழம்பெருமைகள் ஆழ வேரூன்றாத, இளைஞரும் மாணவரும் நிறைந்த நகரமாக அது வளர்ந்தது. ‘ஒருமைப்பாடு’ இயக்கத்தின் உறுதியான கோட்டைகளுள் ஒன்றாகவும் விளங்கிற்று.

அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வரலாறும் கலைவரலாறும் கற்றவர், ‘மேஜர்’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட வல்டெமார் பிட்றிக். 1981இன் இறுதியில் மாணவர் வேலைநிறுத்தம் நடைபெற்றபோது அவரும் தோழரும் வெளியிட்ட சிறு பத்திரிகையின் பெயரே ‘செம்மஞ்சள் மாற்று’ என்பதாகும். கட்சியின் சிவப்பும் திருச்சபையின் மஞ்சளும் கலந்த நிறம் செம்மஞ்சள் எனப் பிற்காலத்தில் விளக்கங் கூறுவர். அவர் எழுதிய ‘சோஷலிச மீயதார்த்தவாத’ அறிக்கையும் இக்காலத்ததே. கிழக்கு ஐரோப்பிய அரசுகள் கலை இலக்கியத்தின் ஒரே நெறியாக விதித்த ‘சோஷலிச யதார்த்தவாதம்’ என்னும் தொடரை ஓரெழுத்துச் சேர்த்து அவர் திரித்தார். ஆட்சியின் கீழ் நிகழ்வனவெல்லாம் ஏற்கெனவே கனவுபோல் விசித்திரமாயிருக்க, கலைஞன் புதிதாகக் கற்பனை செய்யவேண்டிய தேவை இல்லை என்பது அவ்வறிக்கையின் உட்கிடையாகும். வீதியிற் கடமையாற்றும் ஒரு மிலிசியா உத்தியோகத்தரையே கலைப்பொருளாகக் காண்பது இந்நோக்கின் வழிப்பட்டதாகும்.

இராணுவச் சட்டக் காலத்தில் நகரச் சுவர்கள் ஒரு போர்க்களமாயின. இரவில் எவரோ ஆட்சிக்கெதிரான சுலோகம் ஒன்றை எழுதுவர். விடிந்ததும் அதிகாரிகள் அதன்மீது வர்ணத்தைப் பூசி மறைப்பர். எழுத்து மறைந்துவிடும், மறைத்த திட்டு எஞ்சியிருக்கும். 1982 ஓகஸ்ட் 30ஆம் நாள் இரவு, பிட்றிக்கும் அவருடைய நண்பர் ஒருவரும் அத்திட்டின் மேல் ஒரு சித்திரக்குள்ளனை வரைந்தனர். கூம்புக் குல்லாவும் சிறு உருவமுங் கொண்ட அக்குள்ளர், போலந்துச் சிறுவர் கதைகளில் வருவோராவர்.

மறுநாள் ஓகஸ்ட் 31, ‘ஒருமைப்பாடு’ ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவாகும். நாடெங்கும் ஆர்ப்பாட்டங்கள் நிகழ்ந்தன. வ்ரொட்ஸ்வாவுக்கு அண்மையிலுள்ள லூபின் என்னும் செப்புச் சுரங்க நகரில் மிலிசியாவின் துப்பாக்கிச் சூட்டுக்கு மூவர் பலியாயினர். சித்திரக்குள்ளன் பிறந்த இரவினை அடுத்த பகலில் மனிதர் வீதியில் வீழ்ந்து மடிந்தனர் என்பது மறக்கற்பாலதன்று. இவ்வியக்கத்தை வெறும் இளமைக் குறும்பென மதிப்பிடுவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும்.

நாட்டின் பல்வேறு நகரங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குள்ளர் வரையப்பட்டனர் எனக் கூறப்படுகின்றது. வூட்ஜ் நகரில் வரைந்துகொண்டிருக்கையிற் பிடிபட்ட பிட்றிக், தமது செயலுக்கு மார்க்சிய இயக்கவியலையே சான்று காட்டினார். சுவரில் எழுதிய சுலோகம் கருத்து. அதனை மறைத்த வர்ணத் திட்டு எதிர்க்கருத்து. அதன்மேல் எழுந்த குள்ளன் இணைகருத்து என்பது அவர் தந்த விளக்கமாகும். ஆட்சி தன் பாடநூல்களிற் போதித்த தத்துவத்தையே அவர் பொலிஸ் நிலையத்தில் ஒப்புவித்தார். சுலோகம் செம்பொருள் அங்கதமாயின், குள்ளன் பழிகரப்பாவான். எழுத்து எதனையும் கொள்ளாத அவ்வுருவத்தில் அரசு நிந்தனை எங்கே உள்ளது எனக் காட்டுவது எளிதன்று. ஆயினும் அவனைக் கண்டோர் அனைவரும் அவனுக்குக் கீழே மறைந்துகிடந்த சுலோகத்தை நினைந்தனர்.

சுவரிலிருந்த குள்ளர் வீதிக்கு இறங்குதற்கு ஐந்தாண்டுகள் சென்றன. இக்கால இடைவெளிக்குக் காரணமுண்டு. 1983 யூலையில் இராணுவச் சட்டம் நீக்கப்பட்டது. 1986 செப்ரெம்பரில் அரசியற் கைதிகள் பொதுமன்னிப்புப் பெற்றனர். மேற்குநாடுகளிடம் பட்ட பெருங்கடனும், தம்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைகளை நீக்குவித்தல் வேண்டும் என்ற தேவையும், கொர்பச்சேவின் கீழ்ச் சோவியத் யூனியனில் வீசத் தொடங்கிய புதுக்காற்றும் ஆட்சியாளரைத் தம் முகத்தை மென்மையாகக் காட்ட நிர்ப்பந்தித்தன. மிலிசியாவின் எண்ணிக்கை குறையவில்லை. அதன் பழக்கங்களும் மாறவில்லை. ஆயின் முன்போல் எளிதிற் சுடவோ நீண்டகாலம் சிறையிடவோ அதனால் இயலாதாயிற்று. தடுத்து நிறுத்தல், அடையாள அட்டை கேட்டல், வாகனத்தில் ஏற்றிச் செல்லல், தண்டம் விதித்தல் என்பனவே அதற்கு எஞ்சிய கருவிகள். வலிமை குன்றாமலே தயக்கம் புகுந்த படை எள்ளலுக்கு இலகுவில் இலக்காகும்.

1987 யூன் முதலாம் நாள் சர்வதேசச் சிறுவர் தினமாகும். நகரின் மையத்திலுள்ள ஸ்விட்னிட்ஸ்கா வீதியிற் குள்ளர் குல்லா அணிந்த இளைஞர் திரண்டு, வழிப்போக்கருக்கு இனிப்பு வழங்கினர், ஆடினர், பாடினர். மிலிசியா அவர்களைப் பிடித்து வாகனங்களில் ஏற்றிற்று. அந்நாளில் வீதியில் நின்றோர் கண்டது, சீருடை அணிந்த பெருவீரர் கதைப்புத்தகக் குள்ளரைக் கைதுசெய்யும் காட்சியாகும். சட்டவிரோதமான குள்ளர் கூட்டத்தில் ஏன் பங்குபற்றினாய் என வினாவும் ஓர் உத்தியோகத்தரை எவ்வாறு பொருட்படுத்தி மதிக்க முடியும் எனப் பிட்றிக் பின்னாளிற் கேட்டார். இயக்கத்தின் உபாயம் முழுவதும் அக்கேள்வியில் அடங்கியுள்ளது எனலாம்.

அவ்வாண்டு ஒக்ரோபரில் வீதியிற் சென்றோருக்கு மலசலகூடக் கடதாசி, தாள் தாளாக, இலவசமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அது கடைகளிற் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தமையால், பங்கீட்டு நீதி பற்றிய அரசின் பேச்சுக்கள் அனைத்தும் அத்தாளிலே ஏறிநின்றன. மிலிசியாவின் உத்தியோகபூர்வ தினத்தன்று இளைஞர் மலர்களுடன் சென்று உத்தியோகத்தருக்கு நன்றி கூறினர்.

இவ்வரிசையிற் பழிகரப்பு அங்கதத்தின் உச்சநிலையைக் காட்டுவது 1987 நவெம்பர் 6ஆம் நாள் நிகழ்ச்சியாகும். ரஷ்யப் புரட்சியின் எழுபதாம் ஆண்டு நிறைவுக்கு முந்திய நாள் அது. புரட்சியைப் பெருமிதத்துடன் கொண்டாட வருமாறு துண்டுப்பிரசுரம் அழைத்தது. சிவப்புச் சப்பாத்து, சிவப்புத் தொப்பி, சிவப்புக் கழுத்துப்பட்டி என ஏதேனும் செந்நிறப் பொருளை அணிந்து வருக. செங்கொடி இல்லாதவர் நகத்துக்காயினும் சிவப்புப் பூசுக. உண்பதற்குத் தக்காளிச் சோஸ் இட்ட பாண் வாங்குக என அது அறிவுறுத்திற்று. மாலையில் செவ்வுடையினர் வந்து கூடினர். புரட்சி வரலாற்றிற் புகழ்பெற்ற ‘பொற்றெம்கின்’, ‘அரோரா’ ஆகிய போர்க்கப்பல்களும் கடதாசி மட்டையில் உருப்பெற்று வீதியில் நகர்ந்தன. மிலிசியா செய்தது யாது? கம்யூனிஸ்ட் அரசு ஒன்றின் காவற்படை, கம்யூனிசத்தின் நிறத்தை அணிந்தோரை நிறத்தைக் கொண்டே இனங்கண்டு பிடித்துச் சென்றது.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. துண்டுப்பிரசுரத்தில் ஆட்சியைப் பழிக்கும் சொல் ஒன்றுமில்லை; காணப்படுவது மிகையான புகழ்ச்சியே. பழி உள்ளே கரந்திருந்தது. பழிகரப்பு அங்கதத்தின் உட்பொருளை உணர்தற்குப் பெரும்பாலும் ஓர் உரையாசிரியர் வேண்டப்படுவார். இங்கு அவ்வுரையாசிரியர் மிலிசியாவே. செந்தொப்பி அணிந்தவனைக் கைதுசெய்த கணத்தில், ‘இப்புகழ்ச்சியின் பொருள் இகழ்ச்சியே’ என்று பலரறிய உரை எழுதியது அப்படைதான். புரட்சியை மக்கள் மனமுவந்து கொண்டாடுவர் என்பதில் அரசுக்கே நம்பிக்கை இல்லை என்னும் இரகசியத்தை வேறெவரும் வெளியிடவில்லை.

1988 மார்ச் முதலாம் நாள் ‘இரகசியப் பொலிசார் தினம்’ கொண்டாடப்பட்டது. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் நீண்ட மேலங்கியும் அணிந்த இளைஞர், வழியிற் செல்வோரை மறித்து அடையாள அட்டை கேட்டனர். அதே மாதம் 8ஆம் நாள் மகளிர் தினமாகும். அரசு பெண்களுக்கு மலரும் வாழ்த்தும் வழங்கும் அந்நாளில், கடைகளிற் கிடைத்தற்கரிய மாதவிடாய்த் துவாய்களைப் பிட்றிக் வீதியில் வழங்கினார். அவர் கைதாகி இரண்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அறிஞரும் கலைஞரும் கண்டனந் தெரிவிக்க, மேன்முறையீட்டின் பேரில் அம்மாதம் 29ஆம் நாள் விடுதலையானார். அவ்வாண்டு யூன் முதலாம் நாள் நிகழ்ந்த ‘குள்ளர் புரட்சி’யிற் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் குல்லா அணிந்து நகரின் மையத்தில் அணிவகுத்தனர். ஓராண்டுக்கு முன் வாகனங்களில் ஏற்றப்பட்டவர் ஒரு சிறு கூட்டத்தினரே என்பது ஈண்டு ஒப்புநோக்கற்பாலது.

இவ்வளர்ச்சிக்குரிய காரணங்களை ஆராயுமிடத்து மூன்று முதன்மை பெறுகின்றன. முதலாவது, மிலிசியா எதிர்நோக்கிய இருதலைக்கொள்ளி நிலையாகும். குள்ளரைக் கைதுசெய்தால் நகைப்புக்கிடமாகும்; விட்டுவிட்டால் அனுமதியற்ற கூட்டம் வீதியில் நிலைபெறும். எவ்வழிச் செல்லினும் இழப்பே. இரண்டாவது, பங்குபற்றுவதற்குரிய தகுதி எளிதாயிற்று. ‘ஒருமைப்பாடு’ இயக்கத்தின் ஆர்ப்பாட்டத்துக்குச் செல்பவன் சிறைக்கும் தொழில் இழப்புக்கும் ஆயத்தமாகச் செல்லவேண்டும். தக்காளிச் சோஸ் இட்ட பாண் உண்பதற்கோ குல்லா அணிவதற்கோ வீரன் வேண்டியதில்லை. சாதாரண மனிதன் தன் அச்சத்தைச் சிறிது சிறிதாகச் சோதித்துப் பார்க்க ஒரு படிக்கட்டுக் கிடைத்தது. மூன்றாவது, சீருடைக்குள் இருந்தவனும் மனிதனே. கல்லெறிபவனை அடிக்குமாறு பயிற்றப்பட்டவனுக்கு மலர் நீட்டுபவனை அடிக்கும் பயிற்சி அளிக்கப்படவில்லை. வன்முறைக்கு நியாயங் காட்டுவது எதிரியின் வன்முறையே. அந்நியாயம் இங்கு மறுக்கப்பட்டது.

எனினும் இவ்வியக்கத்துக்கெதிரான விமர்சனம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தலைமறைவுப் போராட்டத்தில் ஈடுபட்டோருட் சிலர் இக்கோமாளித்தனத்தை ஐயத்துடன் நோக்கினர். வூயெக்கிலும் லூபினிலும் உயிரிழந்தோரின் குடும்பங்கள் வாழும் நாட்டிலே, அவர்களைச் சுட்ட படையினருடன் விளையாடுதல் தகுமா என்பது நேர்மையான வினாவாகும். மேலும், சிரித்தவன் வீடு சென்று அமைதியாக உறங்கிவிடுவான். அவனது சினம் சிரிப்பிற் கரைந்துவிடும் என்ற வாதமும் உண்டு. மன்னர் அவைகளில் விதூடகன் உரிமையுடன் உலவினான். எனினும் அவனால் மன்னர் எவரும் முடியிழக்கவில்லை.

இவ்விமர்சனத்துக்கு விடை, எள்ளல் எவரை நோக்கிச் செய்யப்பட்டது என்பதிலேயே தங்கியுள்ளது. வ்ரொட்ஸ்வாவில் நகைக்கப்பட்டது மாண்டோரின் தியாகமன்று. அவர்களைக் கொன்ற அதிகாரம் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட கம்பீரமாகும். அதிகாரம் பேணிய பெருமிதம் சிதறுமிடத்து, அதற்குப் பலியானோரின் துயரம் சிறுமையுறுவதில்லை. சினம் கரைந்துவிடும் என்ற வாதத்துக்கு, ஆண்டுக்காண்டு பெருகிய கூட்டமே மறுமொழி.

இத்துடன், எள்ளல் எங்கும் எக்காலத்தும் வெல்லும் எனக் கொள்வதும் பிழையாகும். பிறநாட்டு அனுபவங்கள் இரண்டினைச் சுருக்கமாக நோக்கலாம். 1960களின் நடுவில் ஒல்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரில் ‘புறோவோ’ இளைஞர் இத்தகைய உபாயங்களைக் கையாண்டனர். 1966இல் முந்திரிகை வற்றல் வழங்கிய ஒரு மாணவியைப் பொலிசார் கைதுசெய்ததும், அவ்வாண்டின் ஏனைய மோதல்களும் நகர நிருவாகத்தை உலுக்கின. அவ்வாண்டே பொலிஸ் தலைவரும், 1967இல் நகரபிதாவும் பதவியிழந்தனர். பொதுசனக் கருத்துக்குப் பதில் கூறவேண்டிய அரசு அங்கிருந்தது. மறுபுறம், பர்மாவில் 1996 ஜனவரியில் ஆங் சான் சூ கியின் இல்லத்தில் இராணுவ ஆட்சியாளரை நகைத்து நிகழ்ச்சி நடத்திய பர் பர் லே என்னும் நகைச்சுவைக் கலைஞரும் அவருடைய தோழரும் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். கடூழிய முகாமில் வருந்திய பின்னர் 2001இலேயே விடுதலையாயினர். நாணம் என்பதொன்று ஆட்சியாளரிடம் சிறிதேனும் எஞ்சியிருக்குமிடத்தே எள்ளல் விரைந்து பயன் தருகின்றது. அஃதில்லாவிடத்துச் சிரித்தவன் அதற்குரிய முழு விலையையும் தானே செலுத்துகின்றான். 1982இற் சுவரில் மட்டும் வாழ்ந்த குள்ளர் 1987இலே வீதிக்கு வந்தமை இவ்வுண்மைக்கே சான்றாகும்.

போலந்து ஆட்சியை வீழ்த்தியது குள்ளரே என்று கூறுவாருமிலர். சீர்குலைந்த பொருளாதாரம், 1988இன் வசந்தத்திலும் ஓகஸ்டிலும் எழுந்த வேலைநிறுத்தங்கள், சோவியத் யூனியனின் மாறிய கொள்கை ஆகியன ஆட்சியாளரை 1989 பெப்ரவரியில் வட்டமேசைக்கு அழைத்து வந்தன. யூன் மாதத் தேர்தலில், போட்டியிட அனுமதிக்கப்பட்ட கீழ்ச்சபை இடங்கள் 161 முழுவதையும், மேற்சபையின் 100 இடங்களில் 99ஐயும் ‘ஒருமைப்பாடு’ கைப்பற்றிற்று. அதே தேர்தலில் மேற்சபைக்குப் போட்டியிட்ட பிட்றிக் தோல்வியுற்றார். மக்கள் தமக்குச் சிரிக்கக் கற்றுத் தந்தவரை நேசித்தனர்; ஆட்சிப் பொறுப்பினை வேறு கைகளில் ஒப்படைத்தனர். இதில் முரண்பாடில்லை. எள்ளல் ஓர் அதிகாரத்தின் போலிமையைக் காட்ட வல்லது. அதனிடத்தில் வேறொன்றைக் கட்டியெழுப்புதல் அதன் தொழிலன்று.

2001ஆம் ஆண்டில் ஸ்விட்னிட்ஸ்கா வீதியிலே ஒரு வெண்கலக் குள்ளன் நிறுவப்பட்டான். அதன்பின் வ்ரொட்ஸ்வாவ் நகரெங்கும் நூற்றுக்கணக்கான சிறு குள்ளர் சிலைகள் எழுந்தன. சுற்றுலாப் பயணிகள் அவற்றை எண்ணிக்கொண்டு திரிகின்றனர். சிறுவர் அவற்றுடன் நின்று படம் பிடிக்கின்றனர். ஒருகாலத்தில் மிலிசியா தேடிப் பிடித்த உருவம் நகரின் வியாபாரச் சின்னமாகிவிட்டது. சிலையின் காலடியில் நிற்கும் சிறுவனுக்கு, அக்குள்ளனுக்குக் கீழே ஒரு வர்ணத் திட்டும், அத்திட்டுக்குக் கீழே அழிக்கப்பட்ட ஒரு வாசகமும், அவ்வாசகத்துக்குப் பின்னே வூயெக்கின் ஒன்பது தொழிலாளரும் உளர் என்பதை எடுத்துச் சொல்வது வரலாற்று மாணவரின் கடமையாகும்.

தொல்காப்பியர் நகையை முதலிலும் அச்சத்தைப் பின்னரும் வைத்தார். வ்ரொட்ஸ்வாவ் மக்களின் அனுபவத்தில் அச்சமே முதலில் வந்தது. நகை அதன்பின் தோன்றி, அச்சத்தைத் தன்னிடத்தினின்றும் பெயர்த்தது. பதினாயிரம் பேர் குல்லா அணிந்து நின்ற நாளில் மிலிசியாவின் கையிற் குண்டாந்தடி இருக்கவே செய்தது. அதனைக் கண்டு நடுங்குதல் வேண்டும் என்ற நியதி மட்டும் அன்று அங்கு இருக்கவில்லை.